இருபத்தேழாம் செவிக்கருவி

இலையுதிர் காலத்தின் கடைநாள்கள் அவை. பெய்சிங் மாநகரின் நடுவே நெடுஞ்செவ்வகமாய்க் கிடக்கும் பழம்பேரரசர் அரண்மனைமேல் காலைக் கதிரவன் எழுந்து, மஞ்சள் மெருகேறிய ஓடுகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தடவிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். வடபுலத்துப் புழுதிக்காற்று முதல்நாளெல்லாம் வீசி ஓய்ந்திருந்தமையால் வானம் கழுவிக் கவிழ்த்த வட்டில்போல் விளங்கியது. செம்மதில்களும், வெண்பளிங்குப் படிகளும், அகழியில் அசையாது நின்ற நீரும் தத்தம் நிறத்தை அன்றுதான் கண்டுகொண்டவைபோல் பளிச்சிட்டன. இருபத்து நான்கு பேரரசர் வாழ்ந்து மறைந்த இடம் அது. அழையாதவன் கால்வைத்தால் தலைபோன காலமும் ஒன்றுண்டு. இன்றோ பல்லாயிரவர் அடையாள அட்டையை நீட்டிக் காட்டிவிட்டு, கையில் வெந்நீர்க் குப்பியும் வாயில் வறுத்த விதையுமாய் உள்ளே பெருகி, அரியணைக்கு முதுகைக் காட்டி நின்று தம் முகத்தையே படமெடுத்துக்கொண்டு, வடக்கு வாயில் வழியே வெளியேறுகின்றனர். வாடகைப் பட்டுடுத்தி அரசியராய் அசைந்துவரும் பெண்டிர், பொய்க்கொண்டை சரியுமோ என்று அஞ்சித் தலையைத் திருப்பாமலே நடந்துகொண்டிருந்தனர்.

தென்வாயிலின்முன் ஆடிய கொடிகளுள் இளம்பச்சைக் கொடியொன்றை உயர்த்திப் பிடித்திருந்தவள் கெங் யாச்சின் என்னும் வழிகாட்டி. முப்பத்து நான்கு அகவையினள். நிமிர்ந்த நடையும் நெளிவுசுளிவு அறிந்த நாவும் உடையவள். தெற்கே கடலோரக் குவாங்தொங்கிலிருந்து வந்த, பணிநிறைவுற்ற ஆசிரியர் இருபத்தறுவர் அன்று அவள் கொடியின்கீழ்த் திரண்டிருந்தனர். அவள் கன்னத்தை ஒட்டி அவரைவிதை அளவில் ஓர் ஒலிவாங்கி இருந்தது. இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டகம், அது விழித்திருக்கும்போது எரியும் சிறு பச்சை விளக்கு. பயணியர் ஒவ்வொருவர் காதிலும் ஒரு செவிக்கருவி. அவள் முணுமுணுத்தாலும் நூறடி தொலைவில் நிற்பவர்க்கும் காதோடு காதாய்க் கேட்கும்.

"முரசுக் கோபுரத்துக்குப் பின்னாடி இருக்கிற சந்துல பொறந்தவ நான். எங்க கொள்ளுத்தாத்தா இந்த அரண்மனையோட கீழவாசல்ல காவல் நின்னவரு. அதனால இன்னிக்கு நீங்க ஊர்சுத்த வந்ததா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்கு விருந்தா வந்திருக்கீங்க!"

கைதட்டல் எழுந்தது, என்றும் எழுவதுதான். நல்லீர், அத்தனையும் பொய். அவள் பிறந்தது ஹெனான் மாநிலத்தில், மஞ்சளாற்றின் தென்கரையில், ஊரெங்கும் வெள்ளைப்பூண்டு காயும் ஒரு சிற்றூரில்; அவள் கொள்ளுப்பாட்டனார் அரண்மனையைப் படத்திலும் பார்த்தவர் அல்லர். தலைநகரத்தார் நாவை மடித்துப் பேசும் அந்தக் குழைவைக் கண்ணாடிமுன் ஈராண்டு பழகிக் கற்றவள் அவள். ஹெனான் பேச்சு என்றாலே உதட்டைச் சுழிக்கும் நகரம் அது. தலைநகரப் பழங்குடும்பத்துப் பெண்ணின் வாயால் கேட்டால் பழங்கதைக்கு மதிப்பு ஏறுகிறது என்பதை முதலாண்டே அவள் கண்டுகொண்டாள். பத்தாண்டுகளாக நாள்தோறும் சொன்ன பொய், உடன்பணியாற்றுவோர்க்கும் உண்மையாகிவிட்டது. யாரேனும் ஒருவர் அதைக் கிழித்தால், பெயரும் பிழைப்பும் ஒருங்கே கிழியும் என்ற அச்சம் மட்டும் அவள் நெஞ்சின் அடியில் உறங்காமல் கிடந்தது.

கிழிக்கக்கூடியவர் அன்று அவள் கூட்டத்திலேயே இருந்தார். உதிரியாய் வைத்திருந்த இருபத்தேழாம் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு, நீலத்துணிப் பையைத் தோளில் தொங்கவிட்டு, கடைசி வரிசையில் நின்ற முதியவர் அவளைப் பெற்ற தந்தை கெங் பூஷெங்.

அவர் ஊர்மன்றத்து ஒலிபெருக்கியை முப்பதாண்டு ஆண்டவர். உரம் வந்தது, மழை வருகிறது, இன்னார் வீட்டுப் பன்றி இன்னார் வயலில் மேய்கிறது என்று நாளும் மும்முறை ஊருக்கெல்லாம் அறிவிப்பார். யாச்சினுக்கு ஏழு அகவை நிரம்பிய ஆண்டில், உரம் பங்கிடும் நேரத்தை அறிவித்துவிட்டுக் கருவியை அணைக்க மறந்து, அருகில் விம்மிக்கொண்டிருந்த மகளைத் தேற்றத் தொடங்கினார்: "சௌனி, படுக்கைய நனைச்சதுக்கா இவ்வளவு அழுக? அப்பாவும் பத்து வயசு வரைக்கும் நனைச்சவன்தாண்டி!" ஆறு மரங்களில் கட்டிய ஆறு ஒலிபெருக்கிக் குழல்களும் அதை ஊர்முழுதும் முழங்கின. சௌனி என்பது அவளுடைய பால்பெயர், பால்குடிப் பருவத்தில் வீட்டார் அழைத்த பெயர். அழகில்லாதவள் என்று பொருள். கண்ணேறு படக்கூடாதென்று நம்மூரில் குப்பை என்று பெயரிடுவதுபோல் இட்டது. அன்றுமுதல் பள்ளிமுடியும்வரை ஊர்ப்பிள்ளைகள் அவளை 'நனைந்த சௌனி' என்றே அழைத்தனர். அவள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கியது தொடர்வண்டி ஏறிய நாளில் அல்ல, அந்த நாளில்தான்.

முதல்நாள் மாலை அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அரண்மனைக்குள் நுழைய அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, ஊர் எழுத்தர் கைப்பேசியில் இடம் பதிந்தாயிற்று என்றார். பையை அவிழ்த்து, மகளுக்கென்று வெயிலில் உலர்த்திய செவ்விலந்தையை எடுத்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. நெற்றியில் கைவைத்து அமர்ந்துவிட்டாள்.

"அரண்மனைய நான் என்னத்தம்மா பாக்கப் போறேன், ஓடும் சுவரும்தானே. நீ மைக்குல பேசறத ஒருதடவ கேக்கணும். அவ்வளவுதான். ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

மறுக்க அவளுக்கு வாய்வரவில்லை. ஆனால் கட்டளையிட வாய்வந்தது. தன்னருகில் நடக்கக்கூடாது, பால்பெயரைச் சொல்லக்கூடாது, கெங் என்ற குடிப்பெயரையும் சொல்லக்கூடாது, தெரிந்தவர்போல் பார்க்கவும் கூடாது. வேறெவரும் சினந்திருப்பார், கிழவரோ கூத்தில் வேடங்கட்டக் கேட்டவர்போல் மகிழ்ந்தார்.

"சரி, என் பேரு சுன். தபால்காரனா இருந்து ஓய்வு வாங்கினவன். போதுமா? நீயே மறந்துபோய் 'அப்பா'ன்னு கூப்பிட்டாக்கூட நான் திரும்ப மாட்டேன். கெங் பூஷெங் வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எண்ணிப் பின்னாளில் எத்தனையோ முறை நாணப்போகிறோம் என்று அவள் அப்போது அறியவில்லை.

வேடம் அவருக்கு நன்றாகவே பொருந்தியது. பெருமுற்றத்தைக் கடக்குமுன்னரே 'சுன் ஐயா' அக்கூட்டத்தின் செல்லப்பிள்ளையாகிவிட்டார். பொன்முலாம் பூசிய பேரண்டாக்களின்முன் நின்று, அந்நியப் படைவீரர் கத்தியால் சுரண்டிய தடத்தை யாச்சின் காட்டிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கைடம்மா, தீப்புடிச்சா அணைக்கத் தண்ணி ரொப்பி வெச்சாங்கன்னு சொல்றீங்க. இந்த ஊர்க் குளிர்ல தண்ணி கல்லாப் போயிடுமே?"

"நல்ல கேள்வி, சுன் ஐயா. குளிர்காலத்துல அண்டாவுக்குப் பஞ்சுப்போர்வை சுத்தி, அடியில கரி மூட்டி வெப்பாங்க."

"பாருங்களேன்! அண்டாவுக்கு இருந்த யோகம் அந்தக் கரிமூட்டினவனுக்கு இருந்திருக்காது!"

எல்லாரும் நகைத்தனர். அக்கூட்டத்தின் தலைவியாய் நடந்துவந்த லியாங் பெய்லிங் என்னும் அம்மையார், நாற்பதாண்டு கணக்குப் பாடம் நடத்தி எவரையும் எழுந்து நிற்கவைக்கும் பார்வை பெற்றவர், அவரையும் நகைக்க வைத்தது அப்பேச்சு. ஆயினும் மண்டபங்களின் முன் நிற்கும்போது கிழவர் மேலே நிமிர்ந்து பார்க்கவேயில்லை. செவிக்கருவியை இருவிரலால் அழுத்திப்பிடித்து, கண்களை மூடி, வாய் சற்றே திறந்திருக்க, ஒவ்வொரு சொல்லாய் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணத் தொறந்து பாருங்க ஐயா! இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றார் லியாங் அம்மையார்.

"கேக்கத்தாங்க வந்தேன், டீச்சரம்மா."

யாச்சின் அதைக் கேட்டாள். கேளாதவள்போல் கொடியை உயர்த்திக்கொண்டு முன்னே நடந்தாள்.

நண்பகலுக்கு முன்னதாக அவர்கள் அரண்மனையின் வடகோடியிலுள்ள பூங்காவை அடைந்தனர். செய்குன்றும், முறுக்கிக்கொண்ட பழைய சைப்பிரசு என்னும் ஊசியிலை மரங்களும், கூழாங்கல் பதித்த சிறுவழிகளுமாய் அமைந்த அவ்விடத்தில் இளைப்பாற அரைமணி நேரம் கொடுப்பது வழக்கம். அதைச் சொல்லிவிட்டு, கம்பளிக் கையுறை அணிந்த விரலால் இடையிலிருந்த பெட்டகத்தை அழுத்தினாள். பொத்தான் அழுந்தியதோ இல்லையோ, விரல் அறியவில்லை. விளக்கைக் குனிந்து பார்க்க அவளும் நினைக்கவில்லை.

செய்குன்றின் நிழலில் வேறொரு வழிகாட்டி, தாவ் சிங் என்பவள், சுடுதேநீர் பருகிக்கொண்டிருந்தாள். தலைநகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எவரையும் சீண்டாமல் ஒருபொழுதும் இருக்கமாட்டாதவள்.

"ஏண்டி யாச்சின், யாரு அந்தக் கெழவரு? காலைலேர்ந்து பாக்கறேன், உன்னையே முழுங்கற மாதிரி பாத்துக்கிட்டு வர்றாரு. பேச்சக் கேட்டா அசல் ஹெனான்! உனக்குச் சொந்தமா என்ன?"

விளையாட்டாகக் கேட்டாள். ஆனால் பத்தாண்டுப் பொய்யின் தையலில் விரல்பட்டதுபோல் யாச்சின் துணுக்குற்றாள். துணுக்குற்றவர் நாவு அளவறியாது.

"சொந்தமா? எனக்கா? நல்லா இருக்கே! எங்கேர்ந்தோ வந்து ஒட்டிக்கிட்ட பட்டிக்காடுடி அது. கிட்டக்க நின்னா பூண்டு நாத்தம் கொடலப் புடுங்குது. இதையெல்லாம் ஊருலயே கட்டிப்போடாம அரண்மனை பாக்க அனுப்பி வெச்சிருக்காங்க பாரு. இவருக்குப் பொறந்ததுங்க எப்படித்தான் தலைநிமிந்து நடக்குதுங்களோ? நானா இருந்தா வெக்கத்துல செத்தே போயிருப்பேன்."

தாவ் சிங் நகைப்பாள் என்று எதிர்பார்த்தாள், அவள் நகைக்கவில்லை. யாச்சினின் தோளுக்குப் பின்னால் பார்த்து, தேநீர்க் குவளையை மெல்லக் கீழே வைத்தாள். யாச்சின் திரும்பினாள். பூங்காவில் அங்கங்கே சிதறி நின்ற ஆசிரியர்கள் அனைவரும், படமெடுக்க உயர்த்திய கை உயர்த்தியபடியே, காதில் விரலை வைத்தவண்ணம், அவளையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. முறுக்குமரத்தடியில், பையிலிருந்து எடுத்த இலந்தையை யாருக்கோ நீட்டிய கையோடு, கெங் பூஷெங் மரப்பட்டையை உற்றுநோக்கியபடி நின்றார். அவள் குனிந்தாள். இடையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

லியாங் அம்மையார் கூழாங்கற்கள் அதிர நடந்துவந்தார். "உங்க மைக்க நீங்க அணைக்கல, கெங் பொண்ணே. அணைக்காததே நல்லதாப் போச்சு. நீங்க யாருன்னு தெரிஞ்சுது."

"நான்... அது வந்து..."

"எழுபது வயசுக்காரரு, காலைலேர்ந்து கேட்டதுலயே உருப்படியான கேள்வி அவரு கேட்டதுதான். அவரப்போய்! இப்பவே, எங்க எல்லாரு முன்னாலயும், அவருகிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க. இல்லேன்னா இந்த நிமிஷமே உங்க ஆபீசுக்கு போன் போடறேன். அப்பறம் இந்தக் கொடிய நீங்க தூக்கவே வேண்டாம்."

அவர் என் தந்தை என்ற மூன்று சொற்கள் யாச்சினின் தொண்டைவரை வந்தன. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தாவ் சிங் நின்றிருந்தாள். பெற்றவரையா அப்படிப் பேசினாய் என்ற கேள்வி, அயலாரையா பேசினாய் என்ற கேள்வியைவிடப் பன்மடங்கு கொடியதாய் முன்நின்றது. சொற்கள் வந்தவழியே இறங்கிவிட்டன. அவளுக்கு முன் கிழவரே வாய்திறந்தார். மகளைப் பார்க்காமல், அம்மையாரைப் பார்த்தே பேசினார்.

"விடுங்க டீச்சரம்மா. பூண்டு தின்னேன், நாறுது. இதுல அந்தப் பொண்ணு என்ன பொய் சொல்லிச்சு?"

"அப்படி விடக்கூடாது சுன் ஐயா. உங்களுக்கும் பிள்ளைங்க இருக்குமில்ல? அதுங்க கேட்டா மனசு என்ன பாடுபடும்?"

"ஒரே மக. நல்லாப் பேசுவா. மைக்க மறந்தவங்கமேல கோவப்பட எனக்குத் தகுதி கெடையாதுங்க. நானும் ஒருதடவ மைக்க அணைக்க மறந்தவன். ஊரே கேட்டுச்சு. ஏழு வயசுப் பொண்ணு, பாவம், வருஷக்கணக்கா அவமானப்பட்டா. அவகிட்ட நான் இன்னிவரைக்கும் ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கல. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அப்படிப்பட்டவன்கிட்ட போய் இந்தப் பொண்ணு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

யாருக்கும் அதன் உட்பொருள் விளங்கவில்லை. விளங்கியவள் ஒருத்திதான். லியாங் அம்மையாரோ விடுவதாயில்லை. கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார். யாச்சின் தந்தையின்முன் சென்று, இடைவரை குனிந்து, நிலத்தைப் பார்த்தே சொன்னாள்:

"சுன் ஐயா, தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"பரவால்லைங்க, கைடம்மா. நேரமாகுதுங்க, மிச்சத்தையும் சொல்லுங்க, கேப்போம்."

வாழ்நாளில் அவர் அவளை 'ங்க' போட்டு அழைத்தது அன்றுதான். காலையில் அது விளையாட்டாய்க் கேட்டது, இப்போது அப்படிக் கேட்கவில்லை. வேடத்துக்காக அழைத்தாரோ, நெஞ்சறிந்து அழைத்தாரோ, யாரறிவார்? அடித்திருந்தாலும் அத்தனை வலித்திராது.

மிச்சத்தை அவள் சொன்னாள். நா தானே பழகிய தடத்தில் ஓடிற்று. கிழவர் கூட்டத்தின் கடைசியில், எல்லாரையும்விட்டுப் பத்தடி தள்ளி நடந்துவந்தார். செவிக்கருவியில் ஒருகை, மறுகையின் சட்டைக்கையால் வாயைப் பொத்தியிருந்தார். பக்கத்தில் எவரேனும் நெருங்கினால் முகத்தை மதிற்பக்கம் திருப்பிக்கொண்டார். அதைக் கண்டபோது, கதை சொல்லிக்கொண்டிருந்த அவள் குரல் ஒரு பேரரசனின் பெயரிலேயே தட்டி நின்றது. கூட்டத்தார் அதைத் தளர்ச்சி என்று எண்ணினர்.

வடக்கு வாயிலைக் கடந்து அகழியோரம் வந்ததும், ஆசிரியர்கள் செவிக்கருவிகளைக் கழற்றி அவள் நீட்டிய பையில் இட்டனர். ஒருவரும் நன்றி கூறவில்லை. எண்ணிப்பார்த்தாள். இருபத்தாறு. நிமிர்ந்தாள். நீலத்துணிப் பை தோளில் தொங்க, அகழிக் கைப்பிடியை ஒட்டிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி அவர் தனியே நடந்துகொண்டிருந்தார். இருபத்தேழாம் கருவி இன்னும் அவர் காதில் இருந்தது.

அவள் கையுறையைக் கழற்றினாள். பொத்தானை வெறுவிரலால் அழுத்தி, விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். பின்பு, மூச்சளவில், "அப்பா" என்றாள்.

அவர் நின்றார். கை மெல்ல எழுந்து காதைத் தொட்டது. திரும்பவில்லை.

"அப்பா, சௌனி பேசறேன்."

கை காதிலேயே இருந்தது. திரும்பவில்லை. நீயே மறந்து அழைத்தாலும் திரும்பமாட்டேன் என்ற வாக்கு அப்போதுதான் அவள் நினைவில் வந்து இடித்தது. அதனோடு இன்னொன்றும் விளங்கிற்று: பழித்தபோது இருபத்தேழு காது கேட்கப் பழித்தவள், அப்பா என்பதை ஒரே காதுக்கு, பிறர் அறியாமல் முணுமுணுக்கிறாள். இதுவும் ஒளிதலே. தன்னைத் தானே அவள் அருவருத்தாள். ஒலிவாங்கியைக் கன்னத்திலிருந்து பிடுங்கி எறிந்தாள். பத்தாண்டு பூட்டிவைத்த மஞ்சளாற்றுத் தென்கரைப் பேச்சு, சிறிதும் துருவேறாமல், தொண்டை கிழிய வெளிப்பட்டது.

"யப்பா! ஏ யப்பா! நில்லுய்யா!"

லியாங் அம்மையார் திரும்பினார். இருபத்தாறு பேரும் திரும்பினர். வாயிலில் வேறொரு கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த தாவ் சிங் திரும்பினாள். கொடியைப் போட்டுவிட்டு ஓடிய அவளையும், அவள் ஓடிய திசையில் நின்ற முதுகையும் மாறிமாறிப் பார்த்தனர். அத்தனை பேரும் திரும்பிய அவ்விடத்தில் திரும்பாதவர் ஒருவரே. மூச்சிரைக்க அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் அகழிநீரைப் பார்த்தபடியே கேட்டார்:

"எல்லாரும் பாக்கறாங்களே சௌனி... நான் திரும்பலாமா?"

திரும்புங்கள் என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை என்று எண்ணினாள் போலும். தானே அவரைச் சுற்றிக்கொண்டு போய், கைப்பிடிக்கும் அவருக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில், முகத்துக்கு நேராக நின்றாள். நின்றதும், அவர் சட்டைக்கையை உயர்த்தி அவசரமாய் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பற்றிக் கீழே இறக்கினாள். இறக்கிய கையை விடவில்லை.

மன்னிப்பு அன்றே கிடைத்துவிட்டது. பெற்றவரிடம் அது காத்துக்கொண்டே இருந்தது. அந்நாளோடு பறிபோன வழிகாட்டிக் கொடியும் சில திங்களுக்குப்பின் வேறொரு நிறத்தில் வேறொரு நிறுவனத்தில் கிடைத்தது. பூண்டு காயும் ஊரில் பிறந்தவள் நான் என்று சொல்லித்தான் இப்போது தொடங்குகிறாள். ஆனால் நல்லீர், வெட்கம் மன்னிப்போடு போய்விடுவதில்லை. பேரரசர் இருபத்து நால்வரின் பெருமையையும் தடையின்றிச் சொல்லிவரும் அவள், பூங்காவின் முறுக்குமரத்தடியில் மட்டும் பேச்சை நிறுத்தி, குனிந்து, விளக்கைப் பார்க்கிறாள். அது எரிந்தாலும் அணைந்திருந்தாலும், அவள் கண்முன் தோன்றுவது வாயை நோக்கி உயரும் ஒரு சட்டைக்கைதான்.